பல்லேபொல வயலில் உருகிப்போன ஐஸ்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மாத்தளை டவுனில் என் புருஷனும் நானும் நடத்துகிற மோட்டார் உதிரிப்பாகக் கடையில், காலைத் தேநீர் நேரத்தில், கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஜெஸ்லா சொன்ன ஒரே வாக்கியத்திலிருந்து வந்தது.

"எஞ்சினுக்குள்ள ஐஸ் கட்டிருச்சு, சாச்சி."

என் புருஷன் இத்ரூஸ் சிரித்துவிட்டார். சாமான் வாங்க நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அது என் நல்ல குணத்தால் அல்ல, வாய் நிறைய மாலு பாண், மீன் வைத்த பணிஸ், இருந்தது. அதை விழுங்கி முடிப்பதற்குள் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டேன். பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

(சாச்சி என்றால் வாப்பாவுடைய தம்பியின் மனைவி. ஜெஸ்லா என் புருஷனின் மூத்த நானாவுடைய, அதாவது அண்ணனுடைய, மகள். இதை இப்போதே போட்டுவைக்கிறேன். "குடும்பத்துப் பிள்ளைக்குப் பரிந்து எழுதியிருக்கிறாய்" என்று நாளைக்கு யாரும் என்னிடம் வந்து நிற்கக்கூடாது. பரிந்துதான் எழுதுகிறேன். பரிவில்லாமல் எழுதுவதற்கு இது என்ன மின்சார பில்லா?)

என் பெயர் நஸ்மியா. பகலில் பிரேக் ஷூவும் வால்வு சீலும் விற்கிறேன். கடையில் கூட்டமில்லாத நேரத்தில் கதை எழுதுகிறேன். இரண்டையும் ஒரே கவுண்டரில் வைத்துச் செய்வதால் என் கையெழுத்துப் பிரதிகளில் எப்போதும் கொஞ்சம் கிரீஸ் இருக்கும். இந்தக் கதையிலும் இருக்கும்.

2

மூன்று தரம் ஆரம்பித்தேன்.

"தம்புள்ளைக்கு அப்பால், வெயிலில் வெளுத்துப்போன ஓடுபாதையின் மேல் விடியல் மெல்ல மெல்ல—"

[அடித்துவிட்டேன். எல்லாக் கதையிலும் விடியல் மெல்லத்தான் வருகிறது. ஒரு நாளாவது அது பஸ்ஸுக்கு ஓடுகிற மாதிரி ஓடி வந்ததுண்டா?]

"அவள் தொட்டதும் அந்த விமானம் ஒரு பறவையைப் போலச் சிலிர்த்—"

[இதையும் அடித்துவிட்டேன். இதை ஜெஸ்லாவுக்கு வாசித்துக் காட்டினேன். பறவைக்கு எட்டு ஸ்பார்க் பிளக் இருக்கிறதா என்று கேட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் வாய் அப்படித்தான் போகும்.]

மூன்றாவது ஆரம்பம் இது. ஜெஸ்லாவுக்கு இருபத்தெட்டு வயது. ஊர் பலாபத்வல. தம்புள்ளைக்கு அப்பாலுள்ள ஒரு சின்ன விமானத் திடலில், விமானம் ஓட்டப் பழக்குகிற பள்ளி ஒன்றில், எஞ்சின் பார்க்கிற வேலை செய்கிறாள். விமானங்களின் எஞ்சினை அவிழ்த்துப் பூட்டுவாள், எரிபொருளைச் சோதிப்பாள். அந்த வேலைக்கான முழு லைசன்ஸ் பரீட்சைக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். பள்ளி அவளுக்காகச் சாட்சி சொன்னால்தான் பரீட்சை எழுதலாம்.

இது ஆரம்பமே இல்லை, அடையாள அட்டை. ஆனால் இதில் பொய் எதுவும் நுழைய இடமில்லை என்பதால் இதையே வைத்துக்கொள்கிறேன்.*

* பள்ளிக்குப் பெயர் வைக்கவில்லை. நானே கட்டிய பள்ளி அது. பெயர் வைத்தால் யாராவது தேடிக்கொண்டு போவார்கள்.

3

முதலில் அவளுடைய காலை வேலையைச் சொல்ல வேண்டும். கதை அதில்தான் சிக்கிக்கொண்டது.

சின்ன விமானங்களுக்கு ஊற்றுகிற பெற்றோல் நீல நிறம். வேறு எண்ணெயோடு மாறிவிடக்கூடாது என்பதற்காக அதில் சாயம் போட்டிருக்கிறார்கள். நம்முடைய மோட்டார் சைக்கிள் பெற்றோலை விட அது பிடிவாதமானது. எஞ்சின் எவ்வளவு நெருக்கினாலும் கண்ட நேரத்தில் வெடிக்காது, பொறி பட்ட பிறகுதான் எரியும். எதற்கும் மசியாத அந்தப் பெற்றோலுக்கு ஒரே எதிரி தண்ணீர். மழைத் தண்ணீர் தாங்கிக்குள் இறங்கினால் பெற்றோலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் முதல் பறப்புக்கு முன் ஜெஸ்லா தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சத்தைத் தெளிவான ஒரு குழாயில் இறக்கி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பாள். தண்ணீர் இருந்தால் நீலத்துக்குக் கீழே நிறமில்லாமல் தெரியும்.

அன்று காலை பார்த்தாள். முழு நீலம். அதைக் கழிவு வாளிக்குள் ஊற்றிவிட்டாள். ஆனால் அவள் பார்த்ததை வேறு யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்கு முதல் நாள் இரவு நல்ல மழை. விடிந்தபோது மலைப் பக்கமெல்லாம் பனிமூட்டம். புதிதாக லைசன்ஸ் எடுத்த இந்திரகுமார், இரண்டு பேர் அமரக்கூடிய சின்ன விமானம் ஒன்றைத் தனியாக எடுத்துக்கொண்டு பறந்தார். மாத்தளை ஆள், நாற்பது வயதிருக்கும். வார நாட்களில் இன்சூரன்ஸ் கந்தோரில் வேலை, சனிக்கிழமையில் ஆகாயம். பல்லேபொல பக்கம் வந்து, எஞ்சின் வேகத்தை அடக்கிக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கினார். கொஞ்சத்தில் எஞ்சின் உதறியது. பிறகு இளைத்தது. பிறகு நின்றே போனது. அறுவடை முடிந்த ஒரு வயலில் இறக்கினார். முன் சக்கரம் சேற்றில் புதைந்ததைத் தவிர வேறு சேதமில்லை, அல்ஹம்துலில்லாஹ், மனுஷன் தன் காலாலேயே நடந்து வெளியே வந்தார்.

பள்ளியிலிருந்து வந்தவர்கள் எஞ்சினைத் திறந்தார்கள். கார்பரேட்டருக்குள் தண்ணீர் இருந்தது.

தாங்கியில் தண்ணீர் இல்லை. அதற்கும் பதில் வைத்திருந்தார்கள்: அடியில் கிடந்தது முழுவதும் கார்பரேட்டருக்கு இறங்கிவிட்டதாம். அப்படியானால் காலையில் தாங்கியைப் பார்த்தவள் பார்க்காமலே விட்டிருக்கிறாள். ஜெஸ்லா இனி விமானத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாத முடிவுக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். தீர்மானம் அவளுக்கு எதிராக வந்தால் வேலையும் போகும், பரீட்சையும் போகும். ஒருவனைக் கொல்லப் பார்த்தவள் என்ற பேச்சு மட்டும் பலாபத்வலவில் நிரந்தரமாக நிற்கும். அவளுக்கு உறைத்தது அந்தக் கடைசி விஷயம்தான்.

இதை ஊரே எப்படி ஒரே மூச்சில் நம்பியது? நாம் தட்டுப்பாட்டுக் காலத்தில் பெற்றோல் வரிசையில் படுத்துத் தூங்கிய சனங்கள். மண்ணெண்ணெய் கலந்தார்கள், தண்ணீர் கலந்தார்கள் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள். வரிசை போய் வருஷங்களாகியும் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோலைத்தான் திட்டுகிறார்கள். இந்த நாட்டில் எஞ்சின் நின்றால் முதல் குற்றவாளி பெற்றோல், இரண்டாவது குற்றவாளி அதை ஊற்றிய ஆள். மூன்றாவதைத் தேடுகிற பழக்கம் நமக்கு இல்லை.

4

ஐஸுக்கு வருகிறேன். இந்த இடத்தில் கதை கொஞ்ச நேரம் நின்று கட்டுரையாகும். பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் ஐந்தாம் பகுதிக்குப் போகலாம். ஆனால் போனால் கடைசியில் வருந்திக் கைசேதப்படுவீர்கள், ஏனென்றால் உங்களுக்கு அங்கே ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

இத்ரூஸின் வாதம் இது: கரண்ட் போனால் ஃபிரிட்ஜுக்குள்ளேயே ஐஸ் நிற்பதில்லை, நெருப்பு எரிகிற எஞ்சினுக்குள் எப்படிக் கட்டும்? ஜெஸ்லா கார்பரேட்டர் கழுவ வைத்திருந்த பெற்றோலில் ஒரு துணியை நனைத்து, அவருடைய மணிக்கட்டில் தடவி, ஊதச் சொன்னாள். ஊதினார்.

"குளிருது," என்றார்.

"வெயில்ல நின்னுக்கிட்டே குளிருது தானே, சாச்சா. அதேதான்."

நீங்களும் செய்து பார்க்கலாம். பெற்றோல் வேண்டாம், ஊசி போடும் முன் தடவுகிற ஸ்பிரிட் போதும். திரவம் ஆவியாகும்போது பக்கத்திலிருக்கிற சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கார்பரேட்டரில் நடப்பதும் அதுதான். அங்கே பெற்றோல் காற்றோடு கலந்து ஆவியாகிறது. காற்றும் ஒரு இடுக்கான வழியால் பாய்ந்து, விரிந்து, தன் பங்குக்குக் குளிர்கிறது. எரிவதெல்லாம் உள்ளே, சிலிண்டரில். அதற்கு வாசலிலேயே இந்தக் குளிர். வெளியே வியர்க்கிற வெக்கை இருந்தாலும், காற்றில் ஈரம் நிறைய இருந்தால் அந்த வாசலில் ஐஸ் கட்டும். இறங்குவதற்காக எஞ்சினை அடக்கும்போது வாசல் இன்னும் ஒடுங்குகிறது, ஐஸுக்கு வசதியாகப் போகிறது. கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, காற்றில்லாமல் எஞ்சின் மூச்சு முட்டும்.

எஞ்சின் நின்ற பிறகு? சுற்றியுள்ள இரும்பெல்லாம் சூடு. ஐஸ் உருகிவிடும். ஆட்கள் வந்து திறக்கும்போது வெறும் தண்ணீர்கூட மிஞ்சாது, ஈரமிருந்தால் உண்டு. செய்தவனே இல்லாமல் போகிற குற்றம் இது. ஒரு கதைக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஜெஸ்லாவுக்குத்தான் இதைவிட மோசமாக எதுவும் இருக்க முடியாது.

இதற்கு மருந்தும் விமானத்திலேயே இருக்கிறது. ஒரு சின்னப் பிடி. இழுத்தால் புகைக்குழாயைச் சுற்றி வருகிற சூடான காற்று கார்பரேட்டருக்குள் போய் ஐஸை உருக்கும். நான் அதற்குச் சூட்டுப் பிடி என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். அதைப் பற்றி இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை இப்போது சொல்லமாட்டேன்.

5

இந்திரகுமாரைப் பற்றி எனக்குச் சந்தேகம்.

முதல் பிரதியில் அவரை வில்லனாக எழுதினேன். கறுப்புக் கண்ணாடி, நறுக்கிய மீசை, "கீழே வேலை பார்க்கிறவர்களுடைய பிழைக்கு நான் உயிரை விடவா?" என்று ஒரு வசனம். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. அதை வாசித்துவிட்டு ஜெஸ்லா, அவருக்கு மீசையே இல்லை என்றாள். அதோடு வயலில் இறங்கியவர் முதலில் தொலைபேசியில் அழைத்தது அவளைத்தான் என்றும், "எனக்கு ஒன்னும் இல்ல, பயப்படாதீங்க" என்று சொன்னது அவர்தான் என்றும் சொன்னாள். அப்படிப்பட்டவர் ஏன் பள்ளியில் வாயைத் திறந்து அவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை? அது அவளுக்கும் விளங்கவில்லை. "நல்ல மனுஷன்—"

[இந்தப் பந்தியை முடிக்கத் தெரியாமல் இரண்டு கிழமை கிடப்பில் போட்டேன். ஒரு ஆள் நல்லவராகவும் இருந்து, நமக்கு வேண்டிய நேரத்தில் பேசாமலும் இருந்தால் அவரை என்ன செய்வது? வில்லனை எழுதுவது எவ்வளவு லேசு.]

அந்த இரண்டு கிழமைக்குள்தான் றிஸ்கான் ரேடியேட்டர் மூடி வாங்கக் கடைக்கு வந்தான்.

றிஸ்கான் பல்லேபொலக்காரன். தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிற லொறி ஓட்டுகிறான். அவனுடைய லொறி ஏற்றத்தில் கொதிக்கும், அதனால் எப்போதும் இரண்டு கேன் தண்ணீர் வைத்திருப்பான். ஏ ஒன்பது வீதியில் ஓரமாக நிற்கிற லொறிக்கு இன்னொரு லொறிக்காரன் இறங்கித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவது இங்கே நன்றி கூட எதிர்பார்க்காத வேலை. அவன் மூடியைத் திருகிப் பார்த்துக்கொண்டே, தன் பாட்டில், ஒரு பிளேனுக்கே தண்ணீர் ஊற்றியவன் தான் என்று பெருமை பேசினான்.

எனக்குக் கையிலிருந்த சில்லறை விழுந்துவிட்டது. திரும்பச் சொல் என்றேன்.

"எஞ்சின் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு, தாத்தா.* ஓட்டிட்டு வந்தவர் சிக்னல் தேடி ரோட்டுக்கு ஏறிப் போய்ட்டாரு. முன்னுக்கு கீழ ஒரு ஓட்டை இருந்துச்சு. ரேடியேட்டர் முன்னுக்குத்தானே இருக்கும்னு ரெண்டு கேனையும் ஊத்தினேன்."

 * எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். எனக்கு நரைத்துவிட்டதைக் குத்திக் காட்டினான் என்று வெளியூர் வாசகர்கள் நினைக்க வேண்டாம்.

அந்த விமானத்துக்கு ரேடியேட்டரே கிடையாது. காற்று பட்டு ஆறுகிற எஞ்சின் அது. அவன் ஊற்றிய ஓட்டை கார்பரேட்டருக்குக் காற்றுப் போகிற வழி. பாவம், அவன் நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு அப்படியே லோட்டை இறக்கத் தம்புள்ளைக்குப் போய்விட்டான். யாரும் அவனைக் கேட்கவில்லை, அவனும் யாரிடமும் சொல்ல நினைக்கவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அவனுக்கு முகம் செத்துப்போனது. பள்ளிக்கு வந்து தன் வாயால் சொல்வதாக வாக்குக் கொடுத்தான். அன்றைக்கு லோட் போகாவிட்டாலும் பரவாயில்லை என்றான்.

இங்கே கதையை முடித்துவிடலாம் என்று பேனையை மூடினேன். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது, பிள்ளை தப்பிவிட்டாள், நல்லவர்கள் எல்லோரும் நல்லவர்கள்.

6

மூடிய பேனையை ஜெஸ்லா திறக்க வைத்தாள்.

றிஸ்கான் சொன்னதைக் கேட்டு முதலில் கவுண்டரில் தலையை வைத்து அழுதாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து யோசித்தாள். தண்ணீர் வெளியிலிருந்து வந்தது என்று ஒத்துக்கொண்டாலும், அப்படியானால் எஞ்சின் ஏன் நின்றது என்று கேட்பார்கள். எஞ்சினில் ஏதோ பிழை என்பார்கள். எஞ்சினும் அவளுடைய பொறுப்புத்தான். ஐஸ் என்று அவள் சொல்வதெல்லாம் புத்தகத்தில் படித்ததும் மனதுக்குப் பட்டதும். அவளே அதைக் கண்ணால் கண்டதில்லை.

"ஐஸ் இல்லாம உண்மையிலேயே நான்தான் ஏதாவது விட்டிருந்தா, சாச்சி?" என்றாள். "அதையும் எனக்குத் தெரியணும்."

இந்த வசனத்தை நான் எழுதவில்லை, அவள்தான் சொன்னாள். நானாக இருந்தால் கதாநாயகியை இந்த இடத்தில் சந்தேகப்பட விடமாட்டேன். அவளோ அடுத்த சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு தம்புள்ளைக்கு பஸ் ஏறினாள்.

மரக்கறி மொத்தச் சந்தையான பொருளாதார மத்திய நிலையத்துக்கு எதிரில் ஒரு தேநீர்க் கடை. வெளியே லொறியிலிருந்து வட்டக்காய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஜெஸ்லா வரச்சொன்னபடி இந்திரகுமார் வந்து எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். மீசை இல்லைதான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, சரியாகத் தூங்கி நாளாகியிருக்க வேண்டும். அவரைத் திட்டுவதற்கென்று பஸ்ஸில் வரும்போதே நான் நாலு நல்ல வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். பிளேன்டீ வந்தது. ஜெஸ்லா என்னைப் பேச விடவில்லை.

"சேர், ஹீட்டை இழுத்தீங்க தானே?" என்று கேட்டாள். "இழுத்தப்போ சத்தம் எப்படி மாறிச்சு?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"மோசமாச்சு," என்றார். "பயங்கரமா உதறிச்சு. உடனே உள்ள தள்ளிட்டேன்."

பிறகு முழுவதையும் சொன்னார். "பழகும்போது எத்தனையோ தரம் இழுத்திருக்கேன். ஒரு நாளும் அப்படி உதறல. நான் இழுத்ததாலதான் எஞ்சின் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். அதை எப்படிச் சொல்றது?"

நாலாம் பகுதியில் சொல்லாமல் வைத்த விஷயம் இதுதான். ஐஸ் இல்லாத நாளில் சூட்டுப் பிடியை இழுத்தால் எஞ்சின் சற்றுத் தளரும், அவ்வளவே. தம்புள்ளை வெயிலில் பழகியவருக்கு அது மட்டும்தான் தெரியும். ஐஸ் இருக்கிற நாளில் இழுத்தால் ஐஸ் உருகும். உருகியது எங்கே போகும்? தண்ணீராக எஞ்சினுக்குள்தான். எரிகிற நெருப்பு அந்தத் தண்ணீரைக் குடித்து முடிக்கும் மட்டும் எஞ்சின் உதறும், இருமும், இதோ போச்சு என்று பயமுறுத்தும். அந்த நேரம் பிடியை விடாமல் இருந்தால் சத்தம் தெளியும். பயந்து உள்ளே தள்ளினால் உதறல் குறைந்த மாதிரி இருக்கும், ஐஸ் மறுபடி கட்டும், எஞ்சின் நிற்கும்.

ஜெஸ்லா மேசையைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"அது கெட்ட சத்தம் இல்ல, சேர். ஐஸ் உருகின சத்தம்."

அந்த மனுஷனுடைய முகம் மாறியதை எழுத வேண்டும். மூன்று தரம் எழுதிப் பார்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை. [இந்த இடத்தை வெற்றாக விடுகிறேன்.] இவ்வளவு நாளும் ஒரே எஞ்சினுக்காக இரண்டு பேர் தனித்தனியாகத் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்கப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்கள். எனக்கு அடிவயிற்றிலிருந்து சந்தோஷம் வந்தது. நான் தயாரித்து வைத்த நாலு வாக்கியங்களையும் தேநீரோடு விழுங்கிவிட்டேன்.

7

இந்திரகுமார் அன்றைக்கே பள்ளிக்குப் போய்த் தான் இழுத்ததையும் தள்ளியதையும் சொன்னார். றிஸ்கானும் வந்து தன் இரண்டு கேன் கதையைச் சொன்னான். பள்ளியின் பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, பேச்சு போதும், காட்டுங்கள் என்றார். அதே விமானம், எஞ்சினில் யாரும் கை வைக்காமல் உள்ளே மட்டும் காய வைத்தது. அதே மாதிரி மழைக்குப் பிந்திய ஒரு காலை. எஞ்சின் நின்றாலும் மிதந்து வந்து இறங்கக்கூடிய உயரத்தில், ஓடுபாதைக்கு நேர் மேலே. எஞ்சினை அடக்க வேண்டும். உதறினால் பிடியை இழுக்க வேண்டும். இழுத்து, உதறல் கூடி, பிறகு தெளிந்தால் அது ஐஸ், ஜெஸ்லா பரீட்சை எழுதலாம். தெளியாவிட்டால் கூட்டம் தன் வேலையைப் பார்க்கும்.

ஓட்டப்போவது இந்திரகுமார். பக்கத்தில் ஜெஸ்லா.

(இப்படி விடுவார்களா என்று விமானம் தெரிந்தவர்கள் கேட்கலாம். விடாமலும் இருக்கலாம். என் கதையில் விடுகிறார்கள். நான் கட்டிய பள்ளி என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.)

உதறும்போது அவருடைய கையைப் பிடித்துக்கொள் என்று ஜெஸ்லாவுக்கு நான் புத்தி சொன்னேன். முடியாது என்றாள். "அவராத்தான் புடிச்சிக்கிட்டு இருக்கணும், சாச்சி. நான் புடிச்சா அது என் பேச்சு மட்டும்தான்."

இனி முடிவு. அதற்கும் மூன்று பிரதி இருக்கிறது.

முதல் முடிவு: அன்றைக்குப் பார்த்து வெயில் அடிக்கிறது. பனி இல்லை, ஈரமில்லை, எஞ்சின் தேன் மாதிரி ஓடுகிறது. ஐஸ் வரவே இல்லை. கீழே இறங்கிய ஜெஸ்லா யாரையும் பார்க்காமல் பஸ் ஹோல்ட்டுக்கு நடக்கிறாள். இதை எழுதி முடித்தபோது அப்படியே நடந்த மாதிரி இருந்தது. அதனாலேயே கிழித்துப் போட்டேன். நடக்கக்கூடியதை எல்லாம் நான் எழுத வேண்டுமென்று கட்டாயமில்லை.

இரண்டாவது முடிவு: எல்லோரும் கைதட்டுகிறார்கள், பெரியவர் ஜெஸ்லாவின் கையைக் குலுக்குகிறார், இத்ரூஸ் தேம்பித் தேம்பி அழுகிறார். இதை ஜெஸ்லா வாசித்துவிட்டு, சாச்சா அழவெல்லாம் மாட்டார் என்றாள். சரிதான். அவருக்கு அழுகை வந்தால் தும்மல் வந்த மாதிரி நடித்துவிட்டு எழுந்து போவார்.

மூன்றாவது முடிவு, நான் நின்ற இடத்திலிருந்து கேட்டது மட்டும்.

சனிக்கிழமை. எங்கள் கடைக்கு நல்ல வியாபாரம் உள்ள நாள். இத்ரூஸ் கடையைத் திறக்கவே இல்லை. ஐஸ் என்றதும் முதலில் சிரித்த மனுஷன், விடியற்காலைச் சுபஹ் தொழுதுவிட்டு வந்து, வேன் சாவியை எடுத்துக்கொண்டு என்னை அவசரப்படுத்தினார். ராத்திரி முழுக்க மழை. வழியில் நாலந்தை ஊரைத் தாண்டும்போதும் கண்ணாடியில் ஈரம் பிடித்தது. அந்த ஈரத்தைப் பார்த்து ஒரு ஆள் இவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் கண்டதில்லை.

ஓடுபாதையின் ஓரத்தில் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். றிஸ்கானும் வந்திருந்தான், கையில் தண்ணீர் கேன் இல்லாமல். ஜெஸ்லா தாங்கியின் அடியிலிருந்து இறக்கிய பெற்றோலை இந்த முறை எல்லோருக்கும் முன்னால் உயர்த்திப் பிடித்துக் காட்டினாள். முழு நீலம். பிறகு இருவரும் ஏறினார்கள்.

விமானம் மேலே போய்ப் போய்ச் சின்னதாகி, சாம்பல் நிற வானத்தில் வட்டமிட்டது. சத்தம் தாழ்ந்தது, எஞ்சினை அடக்கிவிட்டார். கொஞ்ச நேரம் ஒரே சீரான இரைச்சல். வரட்டும், யா அல்லாஹ், ஐஸ் வரட்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். மாத்தளை மாவட்டத்தில் இந்த துஆவைக் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு இருமல்.

கதை எழுதுவதில் எனக்கு ஆயிரம் சந்தேகம் உண்டு, ஆனால் எஞ்சின் சத்தத்தில் கிடையாது. கடை வாசலில் கேட்டுக் கேட்டுப் பழகிய காது இது. அந்த எஞ்சின் மூச்சுக்குத் தவித்தது. இத்ரூஸ் என் கையைப் பிடித்தார். ஊர் பார்க்க என் கையைப் பிடிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

பிறகு சத்தம் திடீரென்று மோசமாகியது. உதறல், வெடிப்பு, ஒரு இழுவை, மறுபடி உதறல். இழுத்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் நான் நிறுத்துகிறேன். காரணம் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து சத்தம் தரைக்கு வந்து சேர இரண்டு மூன்று நொடி ஆகும். நாங்கள் கேட்ட உதறல் ஏற்கெனவே மேலே நடந்து முடிந்த உதறல். நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய கை எதையோ செய்திருந்தது. ஒன்று தள்ளியிருக்க வேண்டும், அல்லது பிடித்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அது எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அந்த இரண்டு மூன்று நொடியை உங்களிடம் தருகிறேன். பிடி உங்கள் கையில் இருக்கிறது. கீழே நிற்கிறவர்களுக்கெல்லாம் நீங்கள் எஞ்சினைக் கெடுக்கிற மாதிரித்தான் கேட்கிறது. பக்கத்தில் ஒரு பெண் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, உங்களைத் தொடாமல், பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். தள்ளிவிட்டால் சத்தம் நன்றாகும், கொஞ்ச நேரத்துக்கு. பிடித்திருந்தால் மோசமாகத்தான் இருக்கும், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். நாலாம் பகுதியைத் தாண்டிப் போனவர்களுக்கும் இப்போது இது தெரியும்.

இத்ரூஸ் வானத்தைப் பார்த்தபடி, என் கையை நெரித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

"விடாதீங்க. புடிச்சிக்கிட்டே இருங்க."

மேலே இருப்பவருக்கு அது கேட்டிருக்காது. உங்களுக்குக் கேட்டிருக்கும்.